நாலு மணி நேரத்தில் போகிற ஊர்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களில் சொர்ணம் மட்டும் யாரையும் முந்தப் பார்க்க மாட்டாள். இடது காலில் பாதத்திலிருந்து முட்டி வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்று போட்டிருப்பாள். டாக்டர் போடச் சொன்னது. எனக்கு வேகமாக நடக்க வராது, அவள் வேகமாக நடக்கக் கூடாது. அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்தெருவில் அவள் வீடு. நான் இங்கே சொல்லப்போகிறதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. கரையில் நடந்த பல காலைகளில், பாதியில் விட்டதை மறுநாள் எடுத்து, நேற்று சொன்னதை இன்று திருத்திச் சொன்னது.

சொர்ணத்தின் அப்பாவும் அம்மாவும் இந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அவள் வளர்வதற்குள் வயல் மனையாகிவிட்டது. பத்தாவது முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தாள். தைத்து வந்த சட்டைகளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. காலர் நேராக இருக்கிறதா, பொத்தான் நிற்கிறதா, எங்காவது பிசிறு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேஜைக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே செய்ய வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறாள்.

கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய பஸ்ஸுக்கு வேம்புலி டிரைவர். அதிகம் பேசாத மனிதர். அவரைக் கட்டிக்கொண்டது எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரு பக்கத்துல முன்சீட்டுல யாரு ஒக்காந்தாலும் பின்னாடி போங்கன்னு சொல்லுவாருக்கா. நான் ஒக்காந்தா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுல தான் எனக்குத் தெரிஞ்சுது” என்றாள்.

ஒரே மகள், பானுப்பிரியா. நர்சிங் படித்து, பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் அர்ஷத் என்று ஒரு ஆண் நர்ஸ். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்த உஸ்மான் கனியின் மகன். இருவரும் மாலை நேரத்தில் ஜெர்மன் மொழி வகுப்புக்கு ஒன்றாகப் போனார்கள். பிறகு ஒரு நாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நேராக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வேம்புலிக்கு அர்ஷத்தின் வீட்டார் மேல் எந்தக் குறையும் இல்லை. உஸ்மான் கனியிடம் மெத்தை வாங்கியவர்தான் அவரும். ஆனால் தன்னைக் கேட்காமல் செய்துவிட்டாள் என்பதையும், சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதையும் அவரால் தாங்க முடியவில்லை. நிலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இந்த ஊட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. உன் ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்” என்றார்.

“சரி, நைனா” என்று சொல்லிவிட்டு பானுப்பிரியா திரும்பி நடந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று சொர்ணத்துக்குத் தெரியும். அர்ஷத் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, சொர்ணத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அடுத்த வருஷமே இருவரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை.

போனில் மகள் முகம் தெரிந்தால் வேம்புலி எழுந்து வெளியே போய்விடுவார். எதையும் தடுத்ததில்லை, கேட்டதுமில்லை. வெளியே நிறுத்தியிருக்கும் வேனைத் துடைத்துக்கொண்டு நிற்பார். கம்பெனி பஸ் வேலையை விட்டபிறகு அவர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்த நாளிலும் அந்த வேனைத் துடைத்திருக்கிறார் என்று சொர்ணம் சொன்னாள். இப்படி ஆறு வருஷம் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனியில் நின்றிருந்தபோது சொர்ணத்தின் இடது கால் கெண்டைச்சதை வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. கூட வேலை செய்கிற சுசீலாதான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது, நெஞ்சுக்குப் போயிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். சில நாள் படுக்கவைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேம்புலி வேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார்.

சுசீலா சொல்லித்தான் பானுப்பிரியாவுக்கு விஷயம் தெரிந்தது. உடனே போன் செய்தாள்.

“வாயேன்டி. உன் மாமியா ஊட்ல இரு. நான் பூந்தமல்லி வந்து உன்னப் பாத்துட்டுப் போறேன்” என்றாள் சொர்ணம்.

“நீ கால இழுத்துகினு ஆட்டோல வந்து என்னப் பாக்கணுமாம்மா? அவ்ளோ கிட்ட வந்துட்டு நம்ம ஊட்டுக்கு வராமத் திரும்பறது என்னால முடியாது. அங்க இருந்துகினே வராம இருக்கறதுக்கு, இங்கயே இருந்துடலாம்.”

“சரி, அப்ப நான் வரேன் ஜெர்மனிக்கு.”

“டாக்டரக் கேட்டுட்டுப் பேசு.”

கட்டி கரைந்து, வீக்கம் வடிந்து, சொர்ணம் மறுபடி வேலைக்குப் போன பிறகுதான் டாக்டரம்மாவிடம் கேட்க முடிந்தது. இப்போது கம்பெனியில் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா முகத்தைச் சுளிக்காமல்தான் சொன்னார்.

“ஜெர்மனிக்குப் பத்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்றது உங்களுக்கு இப்போ வேண்டாம்மா.”

“எவ்ளோ நேரம்னா போலாம் மேடம்?”

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தார். “மூணு, நாலு மணி நேரம்னா பரவாயில்ல. நடுவில எழுந்து நடக்கணும், தண்ணி நிறையக் குடிக்கணும், இந்த உறையைக் கழட்டக் கூடாது. பெட்டி தூக்கக் கூடாது. தனியா போகவும் கூடாது.”

திரும்பி வருகிற பஸ்ஸில் சொர்ணம் அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கினாள். வீட்டுக்குப் போகிற வழி அது இல்லை. அங்கே மாடியில் ஒரு டிராவல்ஸ் இருப்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் விக்ரம் என்று ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

“இங்கேர்ந்து நாலு மணி நேரத்துல எந்தெந்த ஊருக்குப் போலாம்பா?” என்று கேட்டாள்.

“நீங்க எங்கம்மா போகணும்?”

“அது தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கறேன்?”

விக்ரம் சிரித்துவிட்டு, கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், மஸ்கட், துபாய் என்று சொல்லிக்கொண்டே போனார்.

“இதுல எது ஜெர்மனி பக்கமா கீது?”

அப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்தது. நாற்காலி போடச் சொல்லி, திரையை அவள் பக்கம் திருப்பினார். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு வில் மாதிரி ஒரு கோடு வளைந்து போயிற்று. “சரிபாதி ஈரான் பக்கம் வருது. அங்கல்லாம் போறது கஷ்டம். கொஞ்சம் கீழ வந்தா துபாய். உங்களுக்கு இங்கேர்ந்து மூவாயிரம் கிலோமீட்டர் கூட வராது, நாலு மணி நேரம் தான். அங்கேர்ந்து வர்றவங்களுக்குத் தான் ஜாஸ்தி. அஞ்சாயிரத்துக்குக் கிட்ட. ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும்.”

“அவ சின்னப் பொண்ணு. ஒக்காருவா” என்றாள் சொர்ணம்.

படிக்கட்டில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டாள். பானுப்பிரியா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு, “யாரும்மா உன்கூட வருவாங்க?” என்று கேட்டாள்.

“அத்த நான் பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் வேம்புலி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொர்ணம் எதையும் மறைக்காமல் சொன்னாள். “பானு துபாய்க்கு வரா. நானும் போறேன். பொட்டி தூக்கக் கூடாது, தனியா போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ வரியா, சுசீலாவக் கூப்டுக்கவா?”

வேம்புலி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “துபாய்ல யாரு ஊடு?”

“யாரு ஊடும் இல்ல. ஓட்டலு.”

அவர் கைகழுவிவிட்டு வேனுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சுசீலாவுக்கு வேல இருக்கும். பொட்டிய நான் தூக்கறேன். உனக்குத் துணைக்கு தான். அவகிட்டப் பேசறதுக்கு இல்ல” என்றார்.

“பேசச் சொல்லி யாரு கேட்டா?” என்றாள் சொர்ணம்.

பாஸ்போர்ட் வந்து, விசா வந்து, விமானம் ஏறுவதற்குள் வெயில் காலம் முடிந்துவிட்டது. இருவருக்கும் அதுதான் முதல் விமானம். பயப்படப்போவது தான்தான் என்று சொர்ணம் நினைத்திருந்தாள். ஏறின பிறகு பார்த்தால், வேம்புலிதான் பெல்ட்டைக் கழற்றாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், “ஏந்திரிமே. நட” என்பார். அவள் வால் பக்கம் வரை போய்த் திரும்புவாள். உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்.

முன்சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி விமானம் கடல் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. வேம்புலி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துபாயில் வேலை பார்க்கிற ஒரு கடலூர்க்காரர்.

“இதுல ஜெர்மனி எங்க கீது, அண்ணாத்தே?” என்று அவரிடம் கேட்டார்.

அவர் திரையில் விரலை வைத்து வரைபடத்தைச் சுருக்கி, மேலே இடது மூலையில் காட்டினார். வேம்புலி சென்னையையும் துபாயையும் பார்த்தார். பிறகு துபாயிலிருந்து அந்த மூலை வரை கண்ணாலேயே போய் வந்தார்.

“பாதி வழின்னு சொன்னியே. இது பாதி இல்லயே” என்றார்.

“இல்ல தான். அவளுக்கு ஜாஸ்தி” என்றாள் சொர்ணம்.

சாப்பாடு வந்தபோது வேம்புலி வேண்டாம் என்று கையாட்டிவிட்டார்.

பானுப்பிரியா அன்று விடியற்காலையிலேயே வந்து இறங்கியிருந்தாள். ஓட்டலுக்குப் போகாமல், வெளியே வருகிற வழியில் மத்தியானம் வரை காத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள், கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. சொர்ணம் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வேம்புலி பெட்டிகள் வைத்த வண்டியைப் பிடித்தபடி நாலடி தள்ளி நின்றார். பானுப்பிரியா அவரைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

தான் கிளம்பி வந்ததே பெரிய விஷயம் என்று அவர் மனசுக்குள் நினைத்திருக்க வேண்டும். மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்ஸியிலும், ஓட்டலிலும், சாப்பிடுகிற இடத்திலும் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். வேலை, பனி, பக்கத்து வீட்டுக் கிழவர், அர்ஷத் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது என்று பேச்சு ஓடியது. வேம்புலி கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே எழுந்து போய்த் துடைப்பதற்கு அவருக்கு வேனும் இல்லை.

மூன்று கட்டில் போட்ட ஒரே அறை. சாயங்காலம் சொர்ணத்தின் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. அவள் கட்டிலில் சாய்ந்ததும் வேம்புலி வழக்கம்போல் கீழே உட்கார்ந்து, உறையை இறக்கி, கெண்டைச்சதையைப் பிடித்துவிட ஆரம்பித்தார். வீட்டில் கால் வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் செய்கிறதுதான்.

“தேய்க்காத நைனா” என்றாள் பானுப்பிரியா.

அவர் கை நின்றுவிட்டது.

“ரத்தக்கட்டி வந்த கால அப்டித் தேய்க்கக் கூடாது. உள்ள கொஞ்சம் மிச்சம் இருந்தா நகந்துடும். யாரும் சொல்லலியா?”

“சொல்லல” என்றார். பிறகு, “டெய்லி தேச்சேனே” என்றார். தன்னால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பானுப்பிரியா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் காலை அங்கங்கே லேசாகத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு கால்களின் சுற்றளவையும் துப்பட்டாவால் அளந்து பார்த்தாள். “ஒண்ணும் ஆகல. இது நடந்ததுல வந்த வீக்கம் தான்” என்றாள். இரண்டு தலையணையை எடுத்து, எப்படிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும், உறையை எப்படிச் சுருக்கமில்லாமல் ஏற்ற வேண்டும் என்று அவருக்குச் செய்துகாட்டினாள். அவரையும் ஒரு தடவை செய்யச் சொன்னாள். அவர் செய்தார். தப்பாக இருந்தது. மறுபடி செய்யச் சொன்னாள்.

“இவ்ளோ தூரம் வந்தும் மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டேன்ற” என்றார் வேம்புலி, உறையைப் பார்த்துக்கொண்டே.

“நான் உன்ன விட தூரத்துலேர்ந்து வந்துகீறேன், நைனா.”

“தெரியும். பிளேன்ல பாத்தேன்.”

சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தாளாம். “நான் முழிச்சினு கீறேன்னு தெரிஞ்சா ரெண்டும் வாய மூடிக்கும்கா” என்றாள் என்னிடம்.

மறுநாள் ஊருக்கு நடுவே கடல் உள்ளே வருகிற இடத்துக்குப் போனார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மரப்படகில் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள். பலகையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், சொர்ணம் நடுவில். அக்கரைக்குப் போனதும் மகளுக்கு ஒரு மூக்குத்தி பார்க்கலாம் என்று அவள் ஒரு கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இருவரும் வெளியே ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பேசியதை பானுப்பிரியாதான் பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

“அந்தப் பையன் உன்ன நல்லா வெச்சினு கீறானா?” என்று வேம்புலி கேட்டிருக்கிறார்.

“அவருக்குப் பேரு கீது, நைனா.”

ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

“அர்ஷத்து” என்றார்.

“நல்லா வெச்சினு கீறாரு. போன் போடட்டா?”

“இப்ப வேணாம்.”

பானுப்பிரியா வற்புறுத்தவில்லை. “அன்னிக்கு நீ என்ன அடிச்சிருந்தாக் கூட நான் இவ்ளோ நாள் நெனச்சினு இருந்திருக்க மாட்டேன். வாசல்ல வெச்சுப் பேசின பாரு, அது தான்” என்று மட்டும் சொன்னாள்.

“தப்பு தான்” என்றார் வேம்புலி. அதை எந்த விளக்கமும் இல்லாமல் சொன்னார் என்பதுதான் பானுப்பிரியாவுக்குப் பெரிதாகப் பட்டது.

எல்லாம் அத்தோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் எதற்கோ ஆரம்பித்து, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா” என்று அவர் சொல்ல, “கேட்டிருந்தா ஒத்துனு இருப்பியா?” என்று அவள் சொல்ல, சாப்பாடு ஆறிப்போய் மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். ஆனால் அன்றைக்கும் படுக்கும் முன் வேம்புலி தலையணைகளைத் தூக்கி வைத்து, சரியாக இருக்கிறதா என்று மகளைப் பார்த்தார். அவள் கிட்டே வந்து ஒன்றை மட்டும் சற்று நகர்த்தி வைத்தாள்.

கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் சொர்ணம்தான் அழுதாள். வேம்புலி மகளின் தோளில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “அடுத்த தபா அவனையும் இட்டுனு வா” என்றார்.

அடுத்த வருஷம் துபாய்க்கு அர்ஷத்தும் வந்தான். வேம்புலிக்கும் அவனுக்கும் முதல் நாள் பேச எதுவும் கிடைக்கவில்லை. “சாப்டீங்களா மாமா”, “ஆச்சுப்பா” என்பதோடு நின்றது. துபாயில் மெட்ரோ ரயிலுக்கு டிரைவர் கிடையாது என்று அர்ஷத் சொன்னபோது வேம்புலி நம்பவில்லை. டிரைவர் இல்லாமல் எப்படி ஓடும் என்று கேட்டார். அவன் அவரை அழைத்துக்கொண்டுபோய் முதல் பெட்டியில், முன்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தான். கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தார்கள். வேம்புலிக்கு மனசு ஆறவில்லை என்று மறுபடியும் ஒரு முறை போனார்கள். அறையில் அம்மாவும் மகளும் இவர்களைக் காணோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பானுப்பிரியா இன்னும் அயனம்பாக்கத்துக்கு வரவில்லை. வேம்புலி வாயைத் திறந்து வா என்று சொல்ல வேண்டும் என்று அவள் இருக்கிறாள். தப்பு என்று சொல்லிவிட்டேனே, அதுக்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவர் இருக்கிறார். சொர்ணம் இரண்டு பேரையும் அவசரப்படுத்துவதில்லை. மாத்திரையைக் குறைத்துவிட்ட டாக்டரம்மா, இனி தூரப் பயணமும் போகலாம் என்று சொல்லிவிட்டார். அதை அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

“நான் மட்டும் ஜெர்மனி போயிட்டேன்னா இவரு இங்க தனியா நிப்பாரு. துபாய்னா வந்துடுவாரு” என்றாள்.

போன வாரம் கரையில் நடந்தபோது இந்த வருஷப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. விக்ரம் ஒரு தேதி சொல்லியிருக்கிறார், அந்தத் தேதியில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்குமாம். பானுப்பிரியாவுக்கும் அர்ஷத்துக்கும் லீவு கிடைத்துவிட்டது. ஆனால் வேம்புலி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அது சரிவராது என்று ஒரே பிடியாக நின்றாராம்.

“ஏனாம்?” என்றேன்.

“அது நோம்பு மாசமாம்க்கா. அந்தப் புள்ள பகல்ல பட்டினியா கெடக்கும், நாம எதுருல ஒக்காந்து எப்டித் துண்ணறதுன்றாரு. பெருநாள் முடிஞ்சு போலாம்னுட்டாரு” என்றாள் சொர்ணம். கால் உறையைக் குனிந்து ஒரு தடவை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கமான நிதானத்தில் நடந்தாள்.